பாண்டியில் தொடங்கி மேட்டுக்குப்பம் வரை

வெள்ளி இரவு, புதுச்சேரி

முதுமையையும் நோயையும் விதி என்று விட்டுவிடாமல், மனித உடம்பின் எல்லைகளை அறிவியலால் தள்ளிவைக்கலாம், தள்ளிவைக்கத்தான் வேண்டும் என்று நம்புகிறவர்கள் டிரான்ஸ்ஹியூமனிஸ்டுகள். ஜூலியன் ஹக்ஸ்லி என்ற உயிரியலாளர் 1957இல் இதைப் பற்றி எழுதினார். 1998இல் நிக் பாஸ்ட்ரமும் டேவிட் பியர்ஸும் உலக அளவில் ஒரு சங்கம் தொடங்கினார்கள். நம் பக்கத்திலும் இதில் ஈடுபாடுள்ளவர்கள் இருக்கிறார்கள், தமிழிலேயே பேச இந்தச் சனி ஞாயிறு பாண்டியில் கூடுகிறார்கள் என்று என் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். "டீச்சர், நீங்க அவசியம் வரணும். சனிக்கிழமை கால் மணி நேரம் பேசவும் செய்யணும்" என்றாள். அவள் இப்போது பெங்களூருவில் நரம்பியல் ஆராய்ச்சி செய்கிறாள்.

எனக்கு இந்த விஷயத்தில் வெறும் வேடிக்கை பார்க்கிற ஆர்வம் கிடையாது. என் தம்பி மகள் பிறவியிலேயே காது கேளாதவள். மூன்று வயதில், காது நரம்பைத் தூண்டிக் கேட்க வைக்கும் காக்ளியர் இம்ப்ளான்ட் என்ற கருவியை வைத்தார்கள், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இலவசமாகவே. இன்று ஆறாம் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளோடும் சேர்ந்து படிக்கிறாள். என் அம்மாவின் இரண்டு கண்ணிலும் செயற்கை லென்ஸ். எங்கள் வீட்டில் இயந்திரமும் பிளாஸ்டிக்கும் உடம்போடு சேர்ந்து பல வருடம் ஆகிறது. அதனால் இவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று கேட்க வேண்டும் போலிருந்தது.

மயிலாடுதுறையில் பஸ் ஏறி சீர்காழி, சிதம்பரம் தாண்டிக் கடலூர். அங்கே கெடிலத்தையும் அப்புறம் தென்பெண்ணையையும் கடந்தால் பாண்டி எல்லை வந்துவிடும். தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை வாசலில், ஒரு கண்ணில் கட்டோடு பாட்டிகள் வேனில் ஏறிக்கொண்டிருந்தார்கள். நாளை நான் பேசப்போவது அவர்களைப் பற்றித்தான்.

கூட்டம் முத்தியால்பேட்டையில் ஒரு வீட்டு மாடியில். பையை அங்கே வைத்துவிட்டு, மூடுவதற்குள் மரைன் வீதிக்கு நடந்தேன். அரவிந்தர் ஆசிரமத்தின் முற்றத்தில், மரத்தடியில் சமாதி. பேச்சுச் சத்தமே இல்லை. ஊதுபத்தி வாசனை, பளிங்கின் மேல் பூக்கள். 1910 ஏப்ரல் 4ஆம் தேதி பாண்டிக்கு வந்த அரவிந்தர் கடைசிவரை இங்கிருந்து நகரவில்லை. மனிதன் படைப்பின் கடைசிப் படி கிடையாது, அவனுக்கு மேலும் ஒரு நிலை வரும் என்றார் அவர். அவரோடு சேர்ந்து ஆசிரமத்தை நடத்திய அன்னை இன்னும் ஒரு படி மேலே போனார். உடம்பின் ஒவ்வொரு செல்லுமே மாற முடியும் என்று நம்பி, முதிய வயதிலும் தன் உடம்பிலேயே அதை முயன்றார். 1973 நவம்பரில், 95 வயதில் மறைந்தார். சமாதியில் இரண்டு அறைகள். கீழறையில் அரவிந்தர், மேலறையில் அன்னை.

ஹக்ஸ்லி எழுதுவதற்குப் பல வருடம் முன்னாலேயே பேசப்பட்ட ஆசை இது. வழி வேறு, அவர்களுடையது யோகம், நாளை மாடியில் கேட்கப்போவது மரபணு. ஆனால் உடம்பை அலட்சியமாகப் பார்க்காமல், அதுவும் உயரக்கூடியது என்று பார்க்கிற கண் ஒன்றுதான். அந்த முற்றத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தது நல்லதாகப் போயிற்று.

சனி இரவு

காலை எட்டு மணிக்கே இட்லி, வடை, பில்டர் காபியோடு தொடங்கிவிட்டது. கோவையிலிருந்து ஒரு டாக்டர், சென்னை ஐடி ஆட்கள், குயிலாப்பாளையத்திலிருந்து ஆரோவில்லில் வேலை செய்கிற இரண்டு பேர், கல்லூரிப் பிள்ளைகள். ஓரமாக வெள்ளை வேட்டி, வெள்ளைத் துண்டோடு ஒரு பெரியவர். நெய்வேலியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வள்ளலார் வழியில் நடக்கும் சன்மார்க்கி. "அருட்பெருஞ்ஜோதி" என்று கைகூப்பினார். நாளை எங்களை வடலூருக்கு அழைத்துப்போகிறவர் அவர்தான்.

முதல் பேச்சு முதுமை பற்றி. பேசியவர் கோவை டாக்டர். 1993இல் சிந்தியா கென்யன் ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள புழுவில் ஒரே ஒரு மரபணுவை மாற்றியபோது அதன் ஆயுள் இரட்டிப்பானது. முதுமை என்பது தேய்மானம் மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்த பலரை அது உலுக்கியது. உடம்புக்குள்ளேயே முதுமையின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற ஏற்பாடு இருக்கிறது என்பதுதான் அதன் பொருள். 2006இல் ஷின்யா யமனகா நான்கு மரபணுக்களைக் கொண்டு, வளர்ந்த செல்லைக் கருவின் செல் போன்ற நிலைக்குத் திருப்பினார். 2012இல் நோபல் பரிசு கிடைத்தது. "ஆனா அளவு மீறினா செல் தன் வேலையையே மறந்து கட்டியா மாறிடும். புழுவுக்கு ஆனது மனுஷனுக்கு அப்படியே ஆகாது" என்று டாக்டர் திரும்பத் திரும்பச் சொன்னார். நிதானமான பேச்சு. எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

அடுத்து சென்னை இளைஞர் ஒருவர், கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தோலுக்கடியில் வைத்திருக்கும் சிப்பைக் காட்டினார். 12 மில்லிமீட்டர் நீளக் கண்ணாடிக் குழாய், பேட்டரி கிடையாது. கையைக் காட்டினால் வீட்டுப் பூட்டு திறக்கும். பிள்ளைகள் சுற்றி நின்று தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள்.

பிறகு உறைநிலை. இறந்தவுடன் உடம்பைத் திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில் வைத்து, எதிர்கால மருத்துவத்துக்காகக் காத்திருப்பது. 1967 ஜனவரியில் ஜேம்ஸ் பெட்ஃபோர்ட் என்ற பேராசிரியரின் உடம்பை அப்படி வைத்தார்கள். இன்னும் இருக்கிறது. தன் பெயரையே எஃப்.எம். 2030 என்று மாற்றிக்கொண்டு, 2030இல் நூறாவது பிறந்தநாள் கொண்டாடுவேன் என்றிருந்தவர், 2000இல் கணையப் புற்றுநோயால் இறந்தார். அவரும் அரிசோனாவில் ஒரு தொட்டியில் காத்திருக்கிறார். அங்கே முழு உடம்புக்கு 2 லட்சம் டாலருக்கு மேல் ஆகும். இதுவரை யாரும் எழவில்லை, எழுப்பும் வழியும் யாருக்கும் தெரியாது. அதே சமயம் 2023இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் எலியின் சிறுநீரகத்தை 100 நாள் வரை உறையவைத்து, இரும்பு நுண்துகள்களைக் கொண்டு சீராகச் சூடாக்கி, திரும்ப எலிக்கே பொருத்தி வேலை செய்ய வைத்திருக்கிறார்கள். முழு மனிதரைப் பற்றி எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு சிறுநீரகத்தை இப்படிச் சேமித்துவைக்க முடிந்தால் டயாலிசிஸ் வரிசையில் உட்கார்ந்திருக்கும் எத்தனை பேர் பிழைப்பார்கள் என்று மட்டும் யோசித்தேன்.

மதியம் என் முறை. அம்மாவின் கண்ணிலிருந்து தொடங்கினேன்.

இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் கண்ணில் விமானக் கூரையின் பெர்ஸ்பெக்ஸ் என்ற பிளாஸ்டிக் துணுக்குகள் பாய்ந்துவிடும். கண் அவற்றைப் பகையாகப் பார்க்காமல் சும்மா இருந்ததை லண்டன் டாக்டர் ஹரால்ட் ரிட்லி கவனித்தார். அப்படியானால் இதிலேயே ஒரு லென்ஸ் செய்து கண்ணுக்குள் வைத்தால் என்ன? 1949 நவம்பரில் வைத்தும் காட்டினார். கண்ணுக்குள்ளிருந்து பொருளை வெளியே எடுப்பதுதான் வைத்தியம், உள்ளே வைப்பதா என்று சக டாக்டர்கள் பல வருடம் அவரை எதிர்த்தார்கள். கடைசியில் அவர் வழிதான் உலகத்துக்கே வழியானது. ஆனால் நம் ஊர்க் கிழவிகளுக்கு? கண்புரையை எடுத்துவிட்டு, சோடாபுட்டிக் கண்ணாடி கொடுத்து அனுப்புவார்கள். என் பாட்டி அதைத்தான் போட்டிருந்தார். வெளிநாட்டு லென்ஸ் நூறு டாலருக்கு மேல் விற்றது. 1992இல் மதுரையில் அரவிந்த் மருத்துவமனையின் அவுரோலேப் இங்கேயே லென்ஸ் செய்யத் தொடங்கியது. விலை பத்து டாலருக்குள் இறங்கியது. 1976இல் வெறும் 11 படுக்கையோடு அந்த மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் வெங்கடசாமிக்கு முடக்குவாதத்தில் விரல்களெல்லாம் கோணிப்போயிருந்தன. அந்த விரல்களால் ஒரு லட்சத்துக்கு மேல் கண் அறுவை செய்தார். அரவிந்தரை மனதார ஏற்றவர், மருத்துவமனையின் பெயரே அங்கிருந்து வந்ததுதான்.

இதைச் சொன்னதும் சென்னை இளைஞர் எழுந்தார். "டீச்சர், எல்லா டெக்னாலஜியும் முதல்ல பணக்காரங்களுக்குத்தான் வரும், அப்புறம் தானா விலை குறையும். மனித மரபணு முழுசையும் படிக்க 2003 வரைக்கும் 270 கோடி டாலர் ஆச்சு. இப்போ ஆயிரம் டாலருக்குக் கீழ."

அவர் சொன்ன கணக்கு சரி. ஆனால் தானாக என்பதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. 1949க்கும் 1992க்கும் நடுவில் 43 வருடம். அந்த வருடங்களில் பார்வை மங்கியே செத்துப்போனவர்கள் எல்லோரும் விலை தானாகக் குறையக் காத்திருந்தவர்கள்தான். யாரோ ஒருவர் இது குறைந்தே ஆக வேண்டும் என்று முனைந்து உட்கார்ந்ததால் குறைந்தது. அரிவாள் செல் ரத்தசோகைக்கான மரபணுத் திருத்த சிகிச்சையை 2023 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதித்தார்கள், விலை 22 லட்சம் டாலர். நம் நீலகிரியில் இருளர், பணியர் குடும்பங்களில் இருக்கிற நோய் அது. அங்கே இதைக் கொண்டுபோய்ச் சேர்க்க யார் உட்காரப்போகிறார்கள்? இதைக் கேட்டபோது என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. மாடி அமைதியானது. கோபமாக யாரும் பார்க்கவில்லை. அந்த இளைஞரும் நோட்டில் குறித்துக்கொண்டார்.

என் மாணவி பேச்சைத் தொடர்ந்தாள். மூளையோடு இயந்திரத்தை இணைப்பது என்றதும் எல்லோரும் 2024 ஜனவரியில் நியூராலிங்க் நிறுவனம் முதல் மனிதரின் மூளையில் வைத்த 1024 மின்முனைகளைப் பற்றித்தான் பேசுகிறார்கள். உலகத்தில் பத்து லட்சம் பேருக்கு மேல் நரம்போடு இணைத்த காக்ளியர் இம்ப்ளான்டோடு ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள். காதுக்குப் பின்னால் மாட்டும் புராசசர் ஒலியைச் சமிக்ஞையாக மாற்றும். காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் காயில் தோலைத் தாண்டி அதை உள்ளே அனுப்பும். உள்காதின் நத்தை எலும்புக்குள் இருக்கும் மின்முனைகள், பல மாடல்களில் 22, நரம்பைத் தூண்டும். இயற்கையாக ஒரு காதில் சுமார் 3,500 உள் மயிர்ச் செல்கள் செய்கிற வேலை அது. 22ஐ வைத்துக்கொண்டு மூளை எப்படியோ பேச்சைக் கற்றுக்கொள்கிறது. என் தம்பி மகள் முதன்முதலில் குக்கர் விசில் சத்தத்துக்குத் திரும்பிப் பார்த்தபோது வீடே அழுதது. அந்த நாளைப் பார்த்தவர்களிடம் வந்து, இயற்கையை மாற்றலாமா என்று யாரும் கேட்க வேண்டாம்.

ஆனால் என் மாணவி கடைசியாகச் சொன்ன விஷயம் என்னைத் தூங்கவிடாது போலிருக்கிறது. செகண்ட் சைட் என்ற அமெரிக்க நிறுவனம் பார்வையற்றவர்களுக்கு ஆர்கஸ் என்ற விழித்திரைக் கருவி வைத்தது. உலகம் முழுக்க 350 பேர் போல வைத்துக்கொண்டார்கள். கம்பெனி பணமில்லாமல் தடுமாறி, கருவியையே கைவிட்டது. பழுதானால் பார்க்க ஆள் இல்லை, உதிரி பாகம் இல்லை. கண்ணுக்குள் கருவி மட்டும் இருக்கிறது.

எங்கள் வீட்டுக் கதையும் அந்தப் பக்கம்தான் போகிறது. தம்பி மகளின் புராசசர் மாடலை நிறுத்திவிட்டார்கள். போன வருடம் கேபிள் அறுந்தபோது மாற்றுக் கேபிளுக்கு வாரக்கணக்கில் காத்திருந்தோம். அவ்வளவு நாளும் அவள் வகுப்பில் வாயசைவைப் பார்த்தே உட்கார்ந்திருந்தாள். புதிய மாடலுக்கு மாறச் சொல்கிறார்கள். அதற்குச் சொல்கிற தொகை தம்பியின் ஒரு வருடச் சம்பளத்தை விட அதிகம்.

இரவு வீடியோ காலில் அவளிடம் இங்கே நடந்ததையெல்லாம் சொன்னேன். கையில் சிப், நூற்றைம்பது வயது, எல்லாம். கவனமாகக் கேட்டுவிட்டு, "அத்தை, அவங்க மெஷினுக்கெல்லாம் கேபிள் சுலபமா கிடைக்குமா?" என்றாள்.

ஞாயிறு இரவு, கடலூர் பஸ் நிலையம்

காலை ஆறரைக்கு வேன். கடலூர், குறிஞ்சிப்பாடி வழியாக வடலூர். சன்மார்க்கி ஐயா முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு, கிளம்புவதற்கு முன் எல்லோருக்கும் பிளாஸ்கிலிருந்து மூலிகைத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். கரிசலாங்கண்ணி, தூதுவளை, முசுமுசுக்கை, சீரகம். உடம்பைக் காக்க வள்ளலார் சொன்ன பொருட்கள். உடம்பைப் பேணுவது அவர் நெறியில் பெரிய கடமை.

தருமச்சாலைக்குத்தான் முதலில் போனோம். 1867 மே 23இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு. அன்றிலிருந்து அணைந்ததில்லை. யார் எவர் என்று கேட்காமல், பசி என்று வந்தவர்களுக்கு மூன்று வேளையும் சாப்பாடு. நாங்கள் போனபோது பந்தி நடந்துகொண்டிருந்தது. கட்டடத் தொழிலாளிகள், கைக்குழந்தையோடு ஒரு பெண், ஊர் ஊராகப் போகிற பெரியவர்கள். "வாங்க ஐயா, உட்காருங்க அம்மா" என்று எங்களையும் உட்கார வைத்தார்கள். பெங்களூருவிலிருந்து வந்த பிள்ளைகள் சாப்பிட்டு முடித்து, தாங்களாகவே வாளி எடுத்துப் பரிமாறப் போனார்கள்.

பிறகு சத்திய ஞான சபை. எண்கோண வடிவம், உள்ளே ஏழு திரை, அதற்கப்பால் ஜோதி. புலால் உண்பவர்கள் உள்ளே வரக்கூடாது என்பது விதி. எங்களில் பாதிப் பேர் வெளியிலேயே நின்றார்கள், அதில் நானும் ஒருத்தி. வெளியே நின்றுகொண்டு என் மாணவி ஒரு விஷயம் சொன்னாள். 1998இல் டிரான்ஸ்ஹியூமனிஸ்டுகள் எழுதிய பிரகடனத்திலேயே, மனிதர் மட்டுமல்லாமல் விலங்குகள் உட்பட உணர்வுள்ள அனைத்தின் நலனையும் சேர்த்திருக்கிறார்களாம். டேவிட் பியர்ஸ், எல்லா உயிர்களின் துன்பத்தையும் ஒழிப்பதுதான் குறிக்கோள் என்கிறவர். "அப்படின்னா அவரு நம்ம ஆளு" என்றார் ஐயா, உடனே. வாடிய பயிரைக் கண்டு வாடியவரின் ஊரில் நின்று அதைக் கேட்டது எனக்கு மனம் நிறைந்த விஷயம்.

மரத்தடியில் சென்னை இளைஞர் ஐயாவிடம் நேராகவே கேட்டார். "வள்ளலார் சாகாக்கல்வின்னு சொன்னாரே, அது நாங்க தேடறதுதானா?"

ஐயா கொஞ்ச நேரம் யோசித்தார். "தம்பி, மரணமிலாப் பெருவாழ்வுன்னு பெருமான் சொன்னது மெய்தான். நீங்க தேடறீங்களே, தேடுங்க, தப்பில்ல. ஆனா பெருமான் முதல்ல அடுப்பைத்தான் பத்த வச்சாரு. சபை அஞ்சு வருஷம் கழிச்சுத்தான் வந்தது."

1867 தருமச்சாலை, 1872 சபை. பாடத்தில் எத்தனையோ முறை படித்த வருடங்கள். அவற்றை ஒரு வரிசையாக நான் பார்த்தது இன்றுதான். நேற்று மாடியில் நான் குரல் உயர்த்திச் சொல்ல வந்ததும் இந்த வரிசைதான். வள்ளலாருக்கு ஜீவகாருண்யம் சாகாநிலைக்குப் போகும் வழியே. பசித்தவனுக்குச் சோறு போடாதவன் அந்த வாசலை அடையவே முடியாது. முதலில் சிலர் மட்டும் நீண்ட நாள் வாழட்டும், மற்றவர்களைப் பிறகு பார்க்கலாம் என்ற ஏற்பாட்டுக்கு அவர் நெறியில் இடம் கிடையாது.

அங்கிருந்து மேட்டுக்குப்பம் பக்கம்தான். சித்திவளாகம் ஒரு சின்ன வீடு. 1873 அக்டோபரில் இங்கே கொடி ஏற்றிப் பேருபதேசம் செய்தார். 1874 ஜனவரி 30 இரவு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 50. அதன் பிறகு யாரும் அவரைப் பார்க்கவில்லை. 1906இல் வெளிவந்த தென்னாற்காடு மாவட்ட அரசு நூலும், அவர் அறைக்குள் போனதையும் பின்னர் காணப்படாததையும் பதிவு செய்திருக்கிறது. தைப்பூசம் முடிந்த இரண்டாம் நாள் திருஅறை தரிசனத்துக்குக் கூட்டம் நெரியும். இன்று நாங்கள் மட்டும்தான்.

திரும்பும் வேனில் பெரிய வாக்குவாதம். வள்ளலார் இறந்தவர்களை எரிக்கக் கூடாது, புதைக்க வேண்டும் என்றவர். ஆண்டவர் அருளால் அவர்கள் எழுப்பப்படுவார்கள் என்பது அவர் நம்பிக்கை. இதை ஐயா சொன்னதும், உறைநிலை பற்றிப் பேசியவர் துள்ளி எழுந்து, அரிசோனாத் தொட்டியும் இதே நம்பிக்கைதானே என்றார். கோவை டாக்டர் ஒப்பவில்லை. ஒன்று அருளை நம்புவது, மற்றது இன்னும் நிரூபணமாகாத தொழில்நுட்பத்தை விலைக்கு வாங்குவது, இரண்டையும் குழப்பாதீர்கள் என்றார். குறிஞ்சிப்பாடியிலிருந்து கடலூர் வரை ஓயவில்லை. எனக்கு டாக்டர் பக்கம்தான் நியாயம் தெரிந்தது. ஆனாலும், அன்புக்குரியவர்களை நெருப்புக்குக் கொடுக்க மனம் வராமல் ஏதாவது ஒரு வழியில் காத்துவைக்கத் துடிப்பதை என்னால் குறைத்துப் பேச முடியாது. அப்பா போன வருடத்தை நினைத்துக்கொண்டு பேசாமலிருந்தேன்.

கடலூர் பஸ் நிலையத்தில் நான் இறங்குவதற்கு முன் ஒரு காரியம் முடிவானது. கையில் சிப் வைத்திருக்கும் அந்த இளைஞர்தான் ஆரம்பித்தார். அவர் வேலையே மின்னணு வடிவமைப்பு. "டீச்சர், இம்ப்ளான்டுக்குள்ள நாம கை வைக்கக்கூடாது, அது டாக்டர் வேலை. ஆனா வெளியில இருக்கிற கேபிள், பேட்டரிப் பெட்டி, சார்ஜர் இதெல்லாம் எங்க அறுந்துபோகுது, எதைப் பாதுகாப்பா சரிபண்ணலாம்னு பாக்கலாம். எந்த மாடல்ல எத்தனை பேர் சிக்கியிருக்காங்கன்னு தெரிஞ்சா, ஒண்ணா சேர்ந்து கம்பெனிகிட்ட உதிரி பாகமும் கேக்கலாம், அரசாங்கத்துகிட்ட மனுவும் கொடுக்கலாம்." பாதுகாப்பு விஷயத்தைக் கோவையில் காது மூக்கு தொண்டை டாக்டர்களிடம் விசாரித்துச் சொல்வதாகக் கோவை டாக்டர் பொறுப்பேற்றார். பட்டியல் எடுப்பது என் வேலை. மயிலாடுதுறை, கடலூர், நாகை மாவட்டங்களிலிருந்து தொடங்குகிறேன்.

இதைப் படிக்கிறவர்கள் வீட்டிலோ தெருவிலோ பள்ளியிலோ இம்ப்ளான்ட் வைத்த பிள்ளை இருந்தால் எனக்கு எழுதுங்கள். பிள்ளையின் பெயர் வேண்டாம். எந்த வருடம் அறுவை நடந்தது, புராசசர் என்ன மாடல், எந்தப் பாகம் பழுதானது, எத்தனை நாள் கேட்காமல் இருந்தது, சரிசெய்ய எவ்வளவு கேட்டார்கள் என்று மட்டும் சொல்லுங்கள். கேபிள் அறுந்து அலமாரியில் தூங்குகிற பழைய மெஷின் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதையும் சேர்த்து எழுதுங்கள். சிதம்பரம் பஸ் வந்துவிட்டது, ஏறுகிறேன்.